சரயேவோ: நடந்து கற்கும் நகரம்

பயணங்கள் பல வகையின. வணிகத்தின் பொருட்டும் கல்வியின் பொருட்டும் புனிதக் கடமையின் பொருட்டும் மாந்தர் ஊர்விட்டு ஊர் செல்கின்றனர். எனினும், ஒரு நகரை அறிதற்கென்றே ஒரு பகல் முழுதும் விரைவின்றி நடந்து, அவ்வூரார் உண்பதை உண்டு, அவ்வூரார் பருகுவதைப் பருகி வருவதும் ஒருவகைக் கல்வியே ஆகும். ஊர்தியில் செல்வோர்க்குக் கட்டடங்களின் முகப்பு மட்டுமே தெரியும். நடந்து செல்வோர்க்கு அவற்றின் வாயிற்படிகளும் அங்கே அமர்ந்திருக்கும் மனிதரும் தெரிவர்.

ஐரோப்பிய நகரங்கள் என்றவுடன் இலண்டனும் பாரிசும் உரோமும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. பொஸ்னிய நாட்டின் தலைநகராகிய சரயேவோவைப் பற்றி நம்மில் பலர் அறிந்திருப்பன இரண்டே செய்திகள். ஒன்று, 1914ஆம் ஆண்டு ஆஸ்திரிய இளவரசர் அங்குச் சுட்டுக்கொல்லப்பட்டதும் அதைத் தொடர்ந்து முதல் உலகப் போர் மூண்டதும். மற்றொன்று, 1992 முதல் 1996 வரை அந்நகர் பட்ட முற்றுகைத் துன்பம். இரண்டுமே குருதி தோய்ந்த செய்திகள். ஆயின் ஐந்தரை நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட அந்நகரின் வாழ்வு அவ்விரண்டில் அடங்கிவிடுவதன்று. காலை முதல் மாலை வரை அந்நகரின் தெருக்களில் நடந்து பார்ப்போம். நடக்கும்போது ஒரு வினாவை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்வோம்: ஒரு சமுதாயத்தின் செல்வம் எவ்வாறு செலவிடப்பட்டால், செலவிட்டவர் மறைந்த பின்னும் அது நிலைத்து நிற்கும்?

நகரின் பிறப்பு

மலைகள் சூழ்ந்த ஒரு நீண்ட பள்ளத்தாக்கு. அதன் நடுவே கிழக்கிலிருந்து மேற்காக ஓடும் மிலியாட்ஸ்கா என்னும் சிற்றாறு. அதன் இரு கரைகளிலும் அமைந்தது சரயேவோ. துருக்கி மொழியில் 'சராய்' என்பது அரண்மனையையும் 'ஓவா' என்பது சமவெளியையும் குறிக்கும். அரண்மனைச் சமவெளி என்னும் பொருளுடைய தொடரே சரயேவோ எனத் திரிந்தது என்பர்.

உதுமானியப் பேரரசின் ஆளுநராகிய ஈஸா பே இஸ்ஹாகோவிச் 1462இல் எழுதி வைத்த வக்ஃபுப் பத்திரம் இந்நகர வரலாற்றின் தொடக்க ஆவணங்களுள் தலையாயது. ஆற்றின் குறுக்கே ஒரு பாலம், குளியலறை மண்டபம், வணிகர் தங்கும் சத்திரம், கடைகள், மாவு ஆலைகள், வழிப்போக்கர்க்கும் மாணவர்க்கும் உணவளிக்கும் ஓர் இல்லம் ஆகியவற்றை அப்பத்திரம் குறிப்பிடுகின்றது. கடைகளிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் வரும் வருவாய் அவ்வில்லத்தின் அடுப்பெரியப் பயன்பட்டது. எனவே, இந்நகரின் பிறப்புச் சான்றே ஓர் அறக்கட்டளைப் பத்திரம் எனலாம்.

காலை: நீரும் அப்பமும்

நம் நடையைப் பாஷ்சார்ஷியா என்னும் பழங்கடைத்தெருவில் தொடங்குவதே முறை. 'தலைமைச் சந்தை' என்பது அச்சொல்லின் பொருள். அதன் சதுக்கத்தில் மரவேலைப்பாடு மிக்க எண்கோண வடிவ நீர்ப்பந்தல் ஒன்று நிற்கின்றது. அதன் பெயர் செபில். அறத்தின் பொருட்டு வழிப்போக்கர்க்கு நீர் வழங்கும் இடத்தைக் குறிக்கும் 'ஸபீல்' என்னும் அரபுச் சொல்லே இது. 1753இல் மெஹ்மெத் பாஷா குகவிட்ஸா என்பார் முதலில் இதனை அமைத்தார். இன்றைய தோற்றம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமைந்தது. இதன் நீரைப் பருகியவர் மீண்டும் ஒருமுறை இந்நகருக்கு வந்தே தீருவர் என்பது ஊரார் நம்பிக்கை. புறாக்கள் கூட்டங்கூட்டமாய் இறங்கும் இச்சதுக்கத்தில், காசின்றிக் கிடைக்கும் நீரே நகரின் முதல் விருந்தோம்பல்.

அடுத்துக் காலை உணவு. மெல்லிய மாவுத்தாளில் கொத்திறைச்சியை வைத்துச் சுருட்டி, வட்டத் தட்டில் சுருள் சுருளாய் அடுக்கி, மேலே இரும்பு மூடியிட்டு, அம்மூடியின்மீது தணல் பரப்பி வேகவைப்பர். இதுவே புரெக். மாவுக்கும் மூடிக்கும் தணலுக்கும் உரிய இம்முறையால் மேற்புறம் மொறுமொறுப்பாகவும் உட்புறம் மென்மையாகவும் அமைகின்றது. எடை போட்டு விற்பதும், உடன் தயிர் பருகுவதும் வழக்கம். ஈண்டு ஒரு சொல்லாராய்ச்சியும் உண்டு. இறைச்சி வைத்ததற்கு மட்டுமே பொஸ்னியர் புரெக் என்பர். பாலாடைக்கட்டி வைத்தால் சிர்னிட்ஸா. கீரை வைத்தால் ஸெல்யானிட்ஸா. உருளைக்கிழங்கு வைத்தால் க்ரோம்பிருஷா. 'பாலாடைக்கட்டிப் புரெக்' என்று கேட்கும் அயலூராரைக் கடைக்காரர் புன்னகையுடன் திருத்துவதுண்டு. உணவிலும் சொல்லைச் செம்மையாய் ஆள வேண்டும் என்பதில் அம்மக்களுக்கு அத்துணை அக்கறை.

சதுக்கத்தை அடுத்த கன்னார் தெருவில் செம்புத் தகட்டைச் சுத்தியலால் தட்டும் ஓசையைக் கேட்டவாறே நடக்கலாம். அங்கு அடிக்கப்படும் 'ஜெஸ்வா' என்னும் நீள்கைப்பிடிச் செம்புப் பாத்திரத்திலேயே பொஸ்னியக் காப்பி உருவாகின்றது. நன்கு பொடித்த காப்பித்தூளின்மேல் கொதிநீரை ஊற்றி, நுரை பொங்கி எழுந்ததும் இறக்கி, 'ஃபில்ஜான்' என்னும் பிடியற்ற சிறு கிண்ணத்தில் பகிர்வர். அருகே ஒரு சர்க்கரைக் கட்டியும் 'ரஹாத் லோகும்' என்னும் இனிப்புத் துண்டும் இருக்கும். சர்க்கரைக் கட்டியின் முனையைக் காப்பியில் நனைத்துக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு மிடறாய் அருந்துதல் மரபு. விரைந்து குடித்தெழுவது அங்கு நாகரிகமன்று. மனம் நிறைந்து அமர்ந்திருக்கும் அந்நிலைக்கு 'சேய்ஃப்' என்று ஒரு சொல்லே வைத்திருக்கின்றனர். அது 'கைஃப்' என்னும் அரபுச் சொல்லின் வழி வந்தது. நீர்ப்பந்தலுக்கும் காப்பிக் கிண்ணத்துக்கும் மனநிறைவுக்கும் அரபு வேர்கள் இருப்பது போலவே, குடியிருப்புப் பகுதிக்கு அவர்கள் வழங்கும் பெயரும் நம் ஜமாஅத்துகள் நன்கறிந்த சொல்தான்: மஹல்லா.

அறப்பொருளால் எழுந்தவை

கடைத்தெருவின் நடுவே காஸி ஹுஸ்ரெவ் பே பள்ளிவாசல் அமைந்துள்ளது. 1530–31இல் எழுந்த இதன் பெருங்குவிமாடமும் உயர்ந்த மினாராவும் முற்றத்து நீரூற்றும் காண்போரை ஈர்ப்பன. ஹுஸ்ரெவ் பே பொஸ்னியாவை ஆண்ட ஆளுநர். அவருடைய தாயார் செல்ஜூக்கா, சுல்தான் இரண்டாம் பாயஸீதின் மகளார். ஹுஸ்ரெவ் பே 1541இல் மறைந்தார். பள்ளிவாசல் முற்றத்திலேயே அவர் அடக்கத்தலம் உள்ளது.

அவர் கட்டியது பள்ளிவாசல் ஒன்று மட்டுமன்று. மத்ரஸா, ஏழைகளுக்கும் மாணவர்க்கும் உணவளிக்கும் இமாரெத் என்னும் பொதுச் சமையற்கூடம், முஸாஃபிர்கள் தங்கும் விடுதி, குளியலறை மண்டபம், நீர்க்குழாய்கள், கல்லால் ஆன நீண்ட அங்காடி எனப் பலவும் அவர் வக்ஃபின் பயனாய் எழுந்தவை. இவை தனித்தனித் தருமங்கள் அல்ல. ஒன்றையொன்று தாங்கும் ஓர் ஏற்பாடு. அங்காடிக் கடைகளின் வாடகை சமையற்கூடத்துக்கு அரிசியாயிற்று, ஆசிரியர்க்கு ஊதியமாயிற்று, பழுதுபட்ட சுவருக்குச் சுண்ணாம்பாயிற்று. வருவாய் இல்லாத அறம் நெடுநாள் நில்லாது என்பதை அன்றே உணர்ந்திருந்தனர். 1537இல் தொடங்கிய அம்மத்ரஸா இன்றும் நடைபெறுகின்றது.

பள்ளிவாசலை அடுத்துள்ள மணிக்கூண்டு நம்மைச் சற்றே திகைக்க வைக்கும். அதன் கடிகாரம் நம் கைக்கடிகாரத்தோடு ஒத்துப்போவதில்லை. கதிரவன் மறையும் நேரமே அதற்குப் பன்னிரண்டு மணி. கதிர் மறையும் நேரம் நாள்தோறும் மாறுவதால், அதனைக் கணக்கிட்டுக் கடிகாரத்தைத் திருத்துவதற்கென்றே ஒருவர் இருக்கின்றார். அப்பணியாளர்க்கு 'முவெகித்' என்று பெயர். இலண்டனில் செய்யப்பட்ட பொறி ஐரோப்பிய நகரொன்றில் மஃரிபு நேரத்தைக் காட்டிக்கொண்டிருப்பது வியப்பன்றோ!

நண்பகல் உணவு

பசியெடுக்கும் வேளையில் கரியடுப்பின் புகைமணமே நமக்கு வழிகாட்டும். மாட்டிறைச்சியையும் ஆட்டிறைச்சியையும் அரைத்து, விரல் நீளத்தில் உருட்டி, தணலில் வாட்டுவது செவாப்பி. 'சோமுன்' என்னும் உப்பிய தட்டையப்பத்தைப் பிளந்து, அதனுள் ஐந்தோ பத்தோ வைத்து, பொடியாய் நறுக்கிய பச்சை வெங்காயத்துடன் தருவர். விரும்புவோர் 'கய்மாக்' என்னும் பாலேட்டையும் சேர்த்துக்கொள்வர். நோன்பு மாதத்தில் இதே சோமுன் கருஞ்சீரகம் தூவிச் சுடப்படும். நோன்பு திறக்கும் நேரம் நெருங்குகையில் அப்பக் கடைகளின் முன் வரிசை நீளும்.

இறைச்சியப்பம் வேண்டாதவர், ஆக்கிவைத்த உணவு விற்கும் 'அஷ்சினிட்ஸா' என்னும் உணவகத்துக்குச் செல்லலாம். அங்குக் கிடைக்கும் 'பேயின் சாறு' என்னும் பெகோவா சோர்பா நமக்கு அயலான சுவையன்று. கோழியும் காய்கறியும் இட்டுக் கொதிக்கவைத்த அச்சாற்றில் முதன்மையானது வெண்டைக்காய். சுண்டுவிரல் நுனியளவுப் பிஞ்சுகளை நூலில் கோத்து உலர்த்தி வைத்திருந்து பயன்படுத்துவர். உணவின் முடிவில், சர்க்கரைப் பாகில் வேகவைத்து, நடுவே அக்ரோட் பருப்பு நிறைத்த ஆப்பிளைத் 'துஃபாஹியா' என்று கொணர்ந்து வைப்பர். 'துஃப்பாஹ்' என்றால் அரபியில் ஆப்பிள் என்பதை நம் மாணவர் அறிவர்.

நான்கு வழிபாட்டிடங்கள்

உண்ட பின் மேற்கு நோக்கி நடப்போம். பழங்கடைத்தெரு முடிந்து ஃபெர்ஹாதியா என்னும் அகன்ற நடைத்தெரு தொடங்குமிடத்தில் காட்சி சட்டென்று மாறுகின்றது. தாழ்ந்த ஓட்டுக்கூரைகளுக்குப் பின் வியன்னா நகரை ஒத்த அடுக்குமாடிகள் எழுகின்றன. 1878இல் ஆஸ்திரிய–ஹங்கேரியப் பேரரசு இந்நகரைக் கைக்கொண்டபின் கட்டப்பட்டவை அவை.

இத்தெருவைச் சுற்றிச் சில நூறு அடிகளுக்குள் நான்கு சமயங்களின் வழிபாட்டிடங்கள் உள்ளன. ஹுஸ்ரெவ் பே பள்ளிவாசல். 1581ஆம் ஆண்டைச் சேர்ந்ததும் இன்று அருங்காட்சியகமாய் விளங்குவதுமான யூதர் தொழுகைக்கூடம். 16ஆம் நூற்றாண்டிலேயே ஆவணங்களில் இடம்பெற்ற பழைய மரபுவழித் திருச்சபைக் கோயில். 1889இல் முடிந்த கத்தோலிக்கப் பேராலயம். ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர்கள் 16ஆம் நூற்றாண்டில் இங்கு வந்து குடியேறினர். 'ஹகாதா' எனப்படும் 14ஆம் நூற்றாண்டு ஓவியச் சுவடி ஒன்றும் ஸ்பெயினிலிருந்து புறப்பட்டுப் பின்னாளில் இந்நகரை வந்தடைந்தது. இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் அதனைத் தேடி வந்தபோது மறைத்துக் காத்தவர், அருங்காட்சியக நூலகராகிய தெர்விஷ் கோர்குத் என்னும் முஸ்லிம் அறிஞர்.

ஆயினும் உண்மையை முழுதும் சொல்லுதல் கடன். கட்டடங்கள் அருகருகே நிற்பதனால் மட்டும் மனிதர் அருகருகே வாழ்ந்துவிடுவதில்லை. 1991ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் நகரத்தாரில் ஏறக்குறையப் பாதியினர் முஸ்லிம்கள். ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் செர்பியர். 2013ஆம் ஆண்டுக் கணக்கிலோ நகர மக்களுள் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் பொஸ்னிய முஸ்லிம்கள். இடையில் நிகழ்ந்த போர் அண்டை வீடுகளை வெறுமையாக்கியது. 1992 ஏப்ரல் 5 முதல் 1996 பிப்ரவரி 29 வரை 1,425 நாள்கள் பொஸ்னிய செர்பியப் படைகள் மலைமேலிருந்து நகரை முற்றுகையிட்டன. 1992 மே 27 அன்று இதே நடைத்தெருவில், அப்பம் வாங்க வரிசையில் நின்றவர்கள்மீது குண்டு விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். குண்டு துளைத்த தரைப்பள்ளங்கள் சிலவற்றைச் செந்நிறப் பிசினால் நிரப்பி வைத்துள்ளனர். 'சரயேவோ ரோஜாக்கள்' என அவற்றை அழைக்கின்றனர். நடப்போர் அவற்றை மிதியாமல் விலகிச் செல்வதைக் காணலாம். முற்றுகையிலிருந்து நகரைக் காத்த தளபதிகளுள் யோவான் திவ்யாக் என்னும் செர்பியரும் ஒருவர் என்பதை மறத்தலாகாது.

ஆற்றங்கரையில்

கிழக்கே திரும்பி ஆற்றோரமாய் நடந்தால் இலத்தீன் பாலம் வரும். 1914 சூன் 28 அன்று இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டும் அவர் மனைவி சோஃபியும் இப்பாலத்தின் முனையில்தான் கவ்ரிலோ பிரின்சிப் என்னும் இளைஞனால் சுடப்பட்டனர். மேலும் சற்று நடந்தால் ஆற்றின் அக்கரையில் 'இனாத் குச்சா' என்னும் வீடு உள்ளது. 'பிடிவாத வீடு' என்பது பொருள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நகர மண்டபம் கட்ட இடம் தேவைப்பட்டபோது, அங்கிருந்த வீட்டுக்காரர் விலைப் பொன்னோடு தம் வீட்டைக் கல் கல்லாய்ப் பெயர்த்து அக்கரையில் அப்படியே கட்டித் தரவேண்டும் என்று நின்றாராம், பேரரசும் இணங்கியதாம். அவ்வீடு இன்று உணவகமாய் உள்ளது.

அப்பிடிவாதக்காரரை இடம்பெயரச் செய்த நகர மண்டபமே எதிர்க்கரையில் நிற்கும் வியேச்னித்சா. 1896இல் திறக்கப்பட்ட இது, 1949 முதல் தேசிய, பல்கலைக்கழக நூலகமாய் விளங்கியது. 1992 ஆகஸ்டு 25ஆம் நாள் இரவு மலைமேலிருந்து எறிகுண்டுகள் இதன்மீது பொழிந்தன. ஏறக்குறைய 15 இலட்சம் நூல்கள் கொண்ட அந்நூலகத்தின் பெரும்பகுதி எரிந்தது. துப்பாக்கிச் சூட்டுக்கிடையே நூலகப் பணியாளரும் பொதுமக்களும் வரிசையாய் நின்று கைமாற்றிக் கைமாற்றி இயன்ற நூல்களை வெளிக்கொணர்ந்தனர். எரிந்த ஏடுகளின் கருஞ்சாம்பல் நகரெங்கும் பறந்து விழுந்தது. 1981இல் யாழ்ப்பாண நூலகமும் அதன் 97,000 அளவிலான நூல்களும் எரிக்கப்பட்டதை எண்ணி வருந்தும் தமிழ் நெஞ்சங்களுக்கு இத்துயரை விளக்கிக் கூற வேண்டுவதில்லை. புதுப்பிக்கப்பட்ட கட்டடம் 2014 மே 9 அன்று மீண்டும் திறக்கப்பட்டது. வண்ணக் கண்ணாடிக் கூரை பழையபடி ஒளிர்கின்றது. எரிந்த சுவடிகள் மீளவில்லை.

தப்பிய சுவடிகள்

இனி மீண்டும் கடைத்தெருவினுள் நுழைந்து, நாம் வேண்டுமென்றே இதுவரை காணாது விட்ட ஒன்றைக் காண்போம். அது ஹுஸ்ரெவ் பே நூலகம். 1537இல் மத்ரஸாவுக்காக எழுதிய வக்ஃபுப் பத்திரத்தில், கட்டடச் செலவு போக எஞ்சும் பணத்தில் நல்ல நூல்களை வாங்க வேண்டும், அவற்றை மத்ரஸாவில் படிப்போர் பயன்படுத்தவும் படியெடுக்கவும் வேண்டும் என்று அவர் விதித்தார். அந்த ஒரு விதியின் பயனே இந்நூலகம். இமாம் கஸ்ஸாலியின் 'இஹ்யா உலூமித்தீன்' நூலின் ஒரு பகுதி, நூலாசிரியர் உயிரோடிருந்த 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே படியெடுக்கப்பட்டது, இங்குப் பேணப்படுகின்றது.

தமிழ்த்துறையினர் நின்று நோக்க வேண்டிய ஒன்றும் இங்கு உண்டு. நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதி அரபுத்தமிழ் இலக்கியம் படைத்ததைப் போலவே, பொஸ்னிய முஸ்லிம்களும் தம் தாய்மொழியை அரபு எழுத்தில் எழுதிப் பாக்கள் இயற்றினர். அவ்வெழுத்து முறைக்கு அரெபிட்ஸா என்று பெயர். 1631இல் முஹம்மது ஹெவாயி உஸ்குஃபி என்பார் பொஸ்னிய–துருக்கி அகராதியொன்றைச் செய்யுளாகவே யாத்தார். இரு வேறு நிலங்களில், ஒருவரையொருவர் அறியாத இரு மக்கள், தாய்மொழியையும் மறைமொழியின் எழுத்தையும் ஒருசேரப் போற்றிய நிகழ்ச்சி இது.

1992 மே மாதம் கீழைத்தேய ஆய்வு நிறுவனம் எரிந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சுவடிகள் அழிந்தன. ஹுஸ்ரெவ் பே நூலகத்தின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சுவடிகளோ தப்பின. நூலக இயக்குநரும் பணியாளர்களும், வாழைப்பழம் வரும் அட்டைப் பெட்டிகளில் அவற்றை அடுக்கி, குண்டுமழையினூடே ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் பலமுறை சுமந்து சென்று காத்தனர். உண்ண அப்பமும் குடிக்க நீரும் அரிதாயிருந்த நாள்களில் அவர்கள் சுமந்தவை ஏடுகள். 2014இல் திறக்கப்பட்ட புதிய கட்டடத்தில் அவை இன்று இருக்கின்றன.

மாலை

பொழுது சாயும் வேளையில் கோவாச்சி என்னும் ஏற்றத்தில் நடந்து 'மஞ்சள் கொத்தளம்' எனப்படும் பழைய கோட்டை மேட்டை அடையலாம். வழியில் வெண்ணிறக் கற்கள் வரிசை வரிசையாய் நிற்கும் மையவாடி. முற்றுகைக் காலத்தில் மாண்டோர் பலர் அங்கு உறங்குகின்றனர். மாண்டோர் தொகை 11,541 எனக் கணக்கிட்டு, 2012 ஏப்ரல் 6 அன்று நகரின் முதன்மைத் தெருவில் அத்தனை செந்நிற நாற்காலிகளை ஆளின்றி வரிசையாய் வைத்தனர். கொத்தளத்தின்மேல் நின்றால் நாம் நடந்த வழி முழுவதும் கீழே தெரிகின்றது. நோன்பு மாதத்தில் நோன்பு திறக்கும் நேரத்தை அறிவிக்கும் பீரங்கி முழங்குவதும் இவ்விடத்திலிருந்தே.

காலையில் கொண்ட வினாவுக்கு அங்கு நின்று விடை காணலாம். ஆளுநர்களின் மாளிகைகள் இன்றில்லை. 1697இல் சவாய் இளவரசர் யூஜினின் படை இந்நகரைத் தீக்கிரையாக்கியது. பின்னரும் தீயும் போரும் வந்தன. எஞ்சி நிற்பவை பிறர்க்கென வைத்த நீரும், அப்பமும், பள்ளியும், ஏடுமே. அவையும் தாமாக எஞ்சவில்லை. ஒருவர் கட்டி வைத்தார். அறிமுகமில்லாத பலர் தலைமுறை தலைமுறையாகக் காத்தனர். கொடுத்தோரைப் போலவே காத்தோரும் அறஞ்செய்தோரே. கல்விக்கூடங்கள் எழுப்பிய பெரியோர்க்கும், அவற்றில் பயிலும் மாணவர்க்கும் இதில் பங்குண்டு. நம் ஊர்ப் பள்ளிவாசல்களிலும் பழைய வீடுகளின் பரண்களிலும் அரபுத்தமிழ்ச் சுவடிகள் இன்னும் உள்ளன. அவற்றைத் தூசு தட்டி, பெயர் எழுதி, பட்டியலிட்டு வைத்தற்குக் குண்டுமழையில் ஓட வேண்டுவதில்லை. ஒரு விடுமுறை நாளும் சில மாணவரும் போதும்.

கீழே மணிக்கூண்டின் முள் பன்னிரண்டைத் தொடுகின்றது. மினாராக்களில் விளக்கேற்றி மஃரிபு பாங்கு ஒலிக்கின்றது. அந்நகரின் கணக்கில் ஒரு நாள் முடிந்து, மறுநாள் அப்போதே தொடங்கிவிட்டது.